ஓ.பி. சீட்டு எல்லாருக்கும் உண்டு: பழைய இசைத்தட்டுப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது?

1/ பழைய இசைத்தட்டுகளுக்குப் பட்டியல் போடுறவங்க பல பேர் கிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. நோட்டைத் திறக்கும்போதே "இதுல நல்ல பாட்டு எது?"ன்னு கேட்க ஆரம்பிச்சிடுவாங்க. வித்வான் பாடினது உள்ளே. நாடகப் பாட்டு, காமிக், பேர் தெரியாத ஒரு பெண் பாடினது எல்லாம் வெளியே. இதுக்கு ரசனைன்னு பேர் வெச்சிருக்காங்க. நான் இதை அழிவேலைன்னு சொல்றேன். ஏன்னு விளக்குறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ நான் பொதட்டூர்பேட்டையில அரசு டாக்டர். வெறும் எம்.பி.பி.எஸ். சங்கீத விமர்சகன் கிடையாது, ராகம் சொல்லச் சொன்னா முழிப்பேன். ஆனா பதிவு எழுதுறது என் அன்றாடத் தொழில். எதை எழுதணும், எதை விட்டா பின்னாடி யார் மாட்டிப்பாங்கன்னு தினமும் பார்க்கிறேன். அந்த உரிமையில பேசுறேன்.

3/ பேச்சு எங்கிருந்து வந்ததுன்னா, எங்க பக்கம் எப்பவோ மூடிப்போன ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் வீட்டுல ரெண்டு சாக்கு நிறைய தட்டு இருந்துச்சு. காயலான் கடைக்குப் போக இருந்ததை நாலு பேர் சேர்ந்து வாங்கி வெச்சோம். பட்டியல் போடலாம்னு வாட்ஸ்அப் குழுவுல எழுதினேன்.

4/ ஒரு பெரியவர் பதில் போட்டார். நல்ல ரசிகர், என் மரியாதைக்கு உரியவர். "கர்நாடக சங்கீதத்தை மட்டும் பிரிச்சு எழுதுங்க டாக்டர். மத்ததெல்லாம் குப்பை. அடுத்த தலைமுறைக்கு நல்லதை மட்டும் கொடுப்போம்." உடனே வரிசையா கைதட்டல். அவருக்கும், கைதட்டினவங்களுக்கும், ஊர் ஊரா இப்படிப் பிரிச்சுக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த பதில்.

5/ ஐயா, கேஷுவால்டிக்கு ஒரே நேரத்துல பத்து பேர் வந்தா யாரை முதல்ல பார்க்கிறதுன்னு நாங்களும் பிரிப்போம். ட்ரையாஜ்னு சொல்வோம். ஆனா சீட்டு பத்து பேருக்கும் உண்டு. சுளுக்குன்னு வந்தவருக்கும் உண்டு, குடிச்சுட்டு விழுந்தவருக்கும் உண்டு. ட்ரையாஜ் வரிசையை முடிவு பண்ணும். யார் வந்தாங்கங்கிறதை அது முடிவு பண்ணாது.

6/ தட்டுக்கும் அதே கதைதான். எதை முதல்ல டிஜிட்டல் பண்றதுன்னு தேர்ந்தெடுங்க, தப்பே இல்ல. அதுக்கு சுத்தம் செய்யணும், சரியான முள் வேணும், சரியான வேகம் வேணும், காசு வேணும். ஆனா பட்டியல்ல ஒரு வரி எழுத என்ன செலவு? பேனா, நோட்டு, ஒரு பக்கத்துக்கு அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு ஆளோட குரலைக் குப்பைன்னு சொல்றோம்.

7/ இப்போ வரலாறு. 1902 நவம்பர்ல ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவு பண்ணார். கௌஹர் ஜான் பாடினாங்க. பாட்டு முடியும்போது ஆங்கிலத்துல தன் பேரைச் சொல்வாங்க. ஏன் தெரியுமா? தட்டு அச்சானது ஜெர்மனியில ஹானோவர் நகரத்துல. அங்க இருக்கிறவனுக்கு யார் பாடினதுன்னு தெரியணுமே. 1908ல கல்கத்தா சியால்தாவில தொழிற்சாலை வர்ற வரைக்கும் நம்ம குரலெல்லாம் கப்பல் ஏறிப் போய்த்தான் திரும்பி வந்துச்சு.

8/ அதாவது, இந்த நாட்டு இசைத்தட்டுகளுக்கு முதல் பட்டியல் போட்டது பாடகிகளே. தன் வாயால தன் பேரைத் தட்டுக்குள்ளயே பதிச்சாங்க. இன்னிக்கு யூடியூப்ல ஏத்துற சில பேர் "கேட்க நல்லா இல்ல"ன்னு அந்த அறிவிப்பை வெட்டிட்டு ஏத்துறாங்க. வார்டுல குழந்தை கையில கட்டின டேக்கை, "அழகா இல்ல"ன்னு யாராவது அறுத்துப் போடுவாங்களா?

9/ தென்னிந்தியாவுல ஆரம்பத்துல அந்தப் புனலுக்கு முன்னாடி வந்து நின்னவங்க யாருன்னு பாருங்க. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபுப் பெண்கள். பெரிய வித்வான்கள் பல பேர் இயந்திரத்துக்கு முன்னாடி பாடத் தயங்கின காலம் அது. அப்போ ஒரு "நல்லதை மட்டும்" கமிட்டி உட்கார்ந்திருந்தா, இவங்கள்ல எத்தனை பேர் தேறியிருப்பாங்க? கொஞ்ச வருஷத்துல தேவதாசி ஒழிப்பு விவாதம் சூடு பிடிச்சப்போ, "கௌரவமானவங்க" என்ன பேசினாங்கன்னு நமக்குத் தெரியும்.

10/ கோயம்புத்தூர் தாயியோட இயற்பெயர் பழனி குஞ்சரம். அவங்க பாட்டுல மயங்கின பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ், அவங்க தட்டை அடிப்படையா வெச்சு "ராகமாலிகா"ன்னே பேர் போட்டு ஒரு இசைக்கோவை எழுதினார். பாரிஸ்ல கேட்டாங்க. இங்க ஒரு பட்டியல்காரர் "தாயின்னா யாரோ, தெரியல, விடு"ன்னு போயிருந்தா, அந்தக் கோவை எங்கிருந்து வந்ததுன்னு கேட்கிறவனுக்கு நாம என்ன பதில் சொல்வோம்?

11/ நாகரத்தினம்மாள் கதை இன்னும் பொருத்தம். தஞ்சாவூர் மராட்டியர் அவையில இருந்த முத்துபழனிங்கிற பெண் தெலுங்குல எழுதின "ராதிகா சாந்த்வனமு" காவியம் ஏற்கெனவே அச்சுல இருந்துச்சு. மூலச் சுவடி கைக்குக் கிடைச்சுப் பார்த்தப்போ, அச்சிட்டவங்க சில பாடல்களை விட்டிருக்காங்கன்னு நாகரத்தினம்மாளுக்குத் தெரிஞ்சது. 1910ல முழுசா பதிப்பிச்சாங்க. 1911ல ஆபாசம்னு பிரதிகளைப் போலீஸ் பறிமுதல் பண்ணுச்சு. தடை நீங்க 1947 ஆச்சு.

12/ யோசிச்சுப் பாருங்க. சுவடி அவங்க கைக்கு வந்திருக்கலைன்னா, வெட்டினதுதான் முழுசுன்னு எல்லாரும் நம்பியிருப்போம். வெட்டுறவங்க வெட்டினோம்னு பலகை மாட்ட மாட்டாங்க. அரைகுறைப் பட்டியலோட ஆபத்தும் இதுதான். அதைப் படிக்கிறவனுக்கு அது அரைகுறைன்னு தெரியாது. "அந்தக் காலத்துல ஜனங்க கர்நாடக சங்கீதம்தான் கேட்டாங்க"ன்னு நாளைக்கு ஒருத்தர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதுவார், நம்ம பட்டியலை ஆதாரம் காட்டி.

13/ ஜனங்க நிஜத்துல என்ன கேட்டாங்க? எஸ்.ஜி. கிட்டப்பா கேட்டாங்க. கே.பி. சுந்தராம்பாள் கேட்டாங்க. ரெண்டு பேரும் நாடக மேடை. கிட்டப்பா 1933ல, முப்பது வயசு கூட ஆகாம போயிட்டார். அவர் குரல் இன்னிக்கு நமக்கு இருக்குன்னா காரணம் தட்டு மட்டும்தான். "நாடகப் பாட்டு குப்பை"ங்கிற கொள்கைப்படி அந்தக் குரலும் குப்பைதான். ஒத்துக்கறீங்களா ஐயா?

14/ 1930கள்ல ஓடியான் தட்டுகளைத் தென்னிந்தியாவுல விற்ற கம்பெனி சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ். அதுல பங்குதாரர் ஏ.வி. மெய்யப்ப செட்டியார், பின்னாடி ஏவிஎம் ஸ்டுடியோ கட்டினவர். ஒரு நாடகத்தையே பல தட்டுல பதிஞ்சு "டிராமா செட்"னு வித்தாங்க. அதுல பாட்டு, வசனம், காமிக் எல்லாம் இருக்கும். தமிழ் சினிமா தன் ஆட்களையும் பாட்டையும் எடுத்துக்கிட்டது இந்த நாடக, தட்டு உலகத்துல இருந்துதான். டிராமா செட்டைத் தூக்கிப் போட்டா, 1931ல பேச ஆரம்பிச்ச தமிழ் சினிமா வானத்துல இருந்து குதிச்ச மாதிரி ஆயிடும்.

15/ தேச விடுதலைப் பிரசாரமும் இதே வழியிலதான் போச்சு. சு. தியடோர் பாஸ்கரன் 1981ல "தி மெசேஜ் பேரர்ஸ்"னு ஒரு புத்தகம் எழுதினார். நாடகம், பாட்டு, கிராமபோன், சினிமா வழியா எழுத்தறிவில்லாத ஜனங்க கிட்ட அரசியல் எப்படிப் போய்ச் சேர்ந்ததுன்னு விளக்கியிருப்பார். சபா ரசிகர்கள் திரும்பியும் பார்க்காத சரக்குதான் அவருக்குச் சான்று.

16/ சரி, "எல்லாத்தையும் எழுது"ன்னா எதையெல்லாம்? இதுக்கு எங்க தொழில்ல நாலு பழக்கம் இருக்கு. நாலும் இங்க அப்படியே பொருந்தும்.

17/ முதல் பழக்கம்: நோயாளி சொன்னதை நோயாளி வார்த்தையிலயே எழுது. "நெஞ்சைக் கரிக்குது"ன்னு சொன்னா அதைத்தான் முதல்ல எழுதணும். "அசிடிட்டி"ங்கிறது என் கருத்து, அது கீழே தனியா வரும். தட்டுல லேபிள்தான் நோயாளி. எழுத்துப்பிழையோட இருந்தா பிழையோடவே எழுதுங்க. "மிஸ்"னு இருந்தா மிஸ், சாதிப் பேர் இருந்தா சாதிப் பேர், தப்பான ராகம் போட்டிருந்தா அந்தத் தப்பான ராகம்.

18/ உங்க திருத்தம் அடுத்த கட்டத்துல. யார் திருத்தினதுன்னு பேரோட. சந்தேகம்னா கேள்விக்குறியோட. நாங்க "?டைபாய்டு"ன்னு கேள்விக்குறி போட்டு எழுதுவோம், அதுல வெட்கமே கிடையாது. லேபிளையே திருத்தி எழுதிட்டா, நாளைக்கு உங்களை விட விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வந்தா, உங்க தப்பு எது, கம்பெனி தப்பு எதுன்னு அவரால பிரிக்க முடியாது.

19/ ரெண்டாவது: பேர் தெரியலைன்னா அங்க அடையாளம் எழுது. விபத்துல நினைவில்லாம வர்றவரை "பெயர் தெரியாத ஆண், சுமார் 50 வயது"ன்னு பதிஞ்சு, மச்சம், தழும்புன்னு ரெண்டு அடையாளம் எழுதுவோம். ஒரு வாரம் கழிச்சு தேடி வர்ற குடும்பத்துக்கு அந்த ரெண்டு வரிதான் வழி. பேர் தெரியலைன்னு ஆளையே பதியாம விட்டா என்ன பேர் அதுக்கு?

20/ தட்டுக்கு மச்சம் எதுன்னா மேட்ரிக்ஸ் எண். லேபிளைச் சுத்தி பாட்டு வரி முடிஞ்ச வெற்று வளையத்துல பொறிச்சிருக்கும். லேபிள் கிழிஞ்சாலும் அது இருக்கும். லேபிள்ல அச்சடிச்ச விற்பனை எண் வேற, இது வேற. ஒரே பதிவை வேற லேபிள்ல, வேற எண்ல மறுபடி வித்திருந்தாலும் இந்த எண் காட்டிக் கொடுத்திடும். எந்த வருஷம் பதிஞ்சதுன்னு கண்டுபிடிக்கவும் இதுதான் பிடி.

21/ மூணாவது: இல்லைங்கிறதையும் எழுது. கேஸ் ஷீட்ல "காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை"ன்னு எழுதுறது சும்மா இல்ல. கேட்டோம், பார்த்தோம், இல்லைன்னு அர்த்தம். கட்டத்தைக் காலியா விட்டா கேட்கவே இல்லைன்னு அர்த்தம். ஏகப்பட்ட தட்டுகள்ல பாடினவர் பேர் மட்டும்தான் இருக்கும். மிருதங்கம், ஹார்மோனியம், தபலா வாசிச்சவங்களுக்கு லேபிள்ல இடமே கிடையாது. "மிருதங்கம் கேட்கிறது, வாசித்தவர் பெயர் லேபிளில் இல்லை"ன்னு எழுதுங்க. அந்த ஒரு வரி, அந்த ஆள் இருந்தார்ங்கிறதுக்கு சாட்சி.

22/ நாலாவது: சுத்தி இருக்கிறதையும் எழுது. உறையில கடை முத்திரை, விலை, முன்னாடி வெச்சிருந்தவர் கையெழுத்து, கூட வந்த பாட்டுப் புத்தகம். எங்க சாக்குல இருந்த தட்டுகள்ல சவுண்ட் சர்வீஸ்காரர் துண்டுக் காகிதம் ஒட்டி மையில எழுதியிருக்கார்: "மாலை மாத்து", "சாமி புறப்பாடு", "பந்தி". பெரிய சங்கீத அகராதியில எந்தத் தட்டு எந்த நேரத்துக்குன்னு இருக்காது. இந்த ஊர் எதைக் கேட்டுக்கிட்டே தாலி கட்டுச்சுங்கிறதுக்கு அந்த ஒட்டுக் காகிதம்தான் ஆவணம். பெரியவர் சொன்னபடி பிரிச்சிருந்தா அதுல முக்கால்வாசி இந்நேரம் குப்பையில கிடந்திருக்கும்.

23/ ஊர், மொழி கட்டத்துலயும் ஜாக்கிரதை. எங்க ஊரையே எடுத்துக்கோங்க. திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் 1911 வரைக்கும் வட ஆற்காடு, அப்புறம் சித்தூர் மாவட்டம், 1953ல ஆந்திராவோட போச்சு, 1960 ஏப்ரல் 1ல சென்னை மாகாணத்துக்குத் திரும்பி வந்து செங்கல்பட்டு, 1997ல இருந்து திருவள்ளூர். வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ்னு இருக்கிற குடும்பங்கள் இங்க சாதாரணம்.

24/ இப்படி ஒரு ஊர்ல, தமிழ்ப் பாடகி சென்னையில பாடின தெலுங்குக் கீர்த்தனையை "நம்மது இல்ல"ன்னு ஒதுக்குறதும், தெலுங்கு லேபிள் தட்டைப் படிக்கத் தெரியலைன்னு தள்ளி வெக்கிறதும் அபத்தம். படிக்கத் தெரியலைன்னா போட்டோ எடுத்து வைங்க, படிக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துத் தெருவுலயே இருக்காங்க. பதிஞ்சப்போ ஊர் எந்த மாவட்டம், இப்போ எந்த மாவட்டம்னு ரெண்டையும் எழுதுங்க.

25/ "டாக்டர், சில காமிக் தட்டுல சாதியைக் கேலி பண்றான், பெண்களைக் கேவலமா பேசுறான், அதையுமா?" ஆமா, அதையும். பொது இடத்துல போட வேண்டாம், பட்டியல்ல குறிப்பு எழுதி வைங்க. அன்னிக்கு எதைக் கேட்டுச் சிரிச்சாங்கன்னு மறைச்சா, அவமானப்பட்டவங்களுக்கு நடந்ததுக்கு இருக்கிற சாட்சியைத்தான் மறைக்கிறோம். காயத்தைக் குறிச்சு வெக்கிறதுக்கும் காயப்படுத்துறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

26/ "இதையெல்லாம் யார் தேடப் போறாங்க?" இது அடுத்த கேள்வி. க்ரியர்சனோட இந்திய மொழி ஆய்வுக்காக 1913ல இருந்து 1929 வரைக்கும் அரசாங்கமே கிராமபோன் பதிவு எடுத்துச்சு. பைபிள்ல வர்ற ஊதாரி மகன் கதையை அவங்கவங்க பேச்சுல சொல்லச் சொன்னாங்க. சென்னை மாகாணப் பேச்சும் அதுல உண்டு. எந்த ரசிகனும் காசு கொடுத்து வாங்க மாட்டான். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜனங்க எப்படிப் பேசினாங்கன்னு தெரிஞ்சுக்க இன்னிக்கு அது பொக்கிஷம். எதுக்கு மதிப்பு வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சவன் யாரும் இல்ல.

27/ ஒழுங்கா செய்யறவங்க எப்படிச் செய்றாங்கன்னும் பாருங்க. அமெரிக்காவுல சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் நடத்துற பழைய ஒலிப்பதிவுப் பட்டியல்ல, பதிஞ்சு கடைக்கே வராத பாட்டுக்கும் வரி உண்டு. நம்ம கிராமபோன் பதிவுகளை 1899ல இருந்து வரிசையா எண் போட்டுப் பட்டியலிட்டவர் ஆஸ்திரேலியாக்காரர் மைக்கேல் கின்னியர். அவர் நல்லது கெட்டது பார்க்கல, எண் வரிசை பார்த்தார். நம்ம நாட்டுலயே மும்பை இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கத்தினர் பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட ஓடியான் தட்டுகளை லேபிள் முழுக்க டிஜிட்டல் பண்ணாங்க. எடுத்துக்கிட்டது ஒரு லேபிள், அதுல கிடைச்சதெல்லாம். அதுதான் முறை.

28/ இதுல அவசரமும் இருக்கு. பழைய இசைத்தட்டுக் கடைகள் இருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சுது. எந்தெந்தத் தட்டு எரிஞ்சுதுன்னு பட்டியல் எங்க? நம்ம வீட்டுப் பரண்ல இருக்கிறதும் தினம் கொஞ்சம் கொஞ்சமா அந்த வழியிலதான் போயிட்டிருக்கு.

29/ தட்டை விட வேகமா போறது ஆள். "இது யார் குரல்?"னு கேட்டா பதில் சொல்லக்கூடிய எண்பது வயசுக்காரங்க என் ஓ.பி.யில பிரஷர் மாத்திரைக்கு வரிசையில நிக்கிறாங்க. இது தறி ஓடுற ஊர். விசைத்தறிச் சத்தத்துல வருஷக்கணக்கா நின்னவங்களுக்குக் காது மந்தமாகறது நான் அடிக்கடி பார்க்கிற விஷயம். ஞாபகம் இருக்கு, கேட்க முடியல. அவங்களால அடையாளம் சொல்ல முடியறப்பவே தட்டு நோட்டுல ஏறி இருக்கணும். நாம "நல்லது" எதுன்னு விவாதம் பண்ணி முடிக்கிற வரைக்கும் அந்தக் காது காத்திருக்காது.

30/ செய்முறை, சுருக்கமா. தட்டின் ரெண்டு பக்க லேபிளையும் போன்ல போட்டோ எடுங்க. டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சு அந்த வெற்று வளைய எண்ணையும் எடுங்க. நோட்டுல: கம்பெனி, விற்பனை எண், மேட்ரிக்ஸ் எண், லேபிள்ல உள்ளது உள்ளபடி, தட்டின் அகலம், கீறல்/உடைப்பு, உறையில இருக்கிறது, யார் வீட்டுல கிடைச்சது. இதுக்கு ராகம் தெரிய வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும்.

31/ முக்கியமா ஒண்ணு, டாக்டரா சொல்றேன்: சர்ஜிகல் ஸ்பிரிட், சானிடைசர் வெச்சுத் துடைக்காதீங்க. 78 தட்டு அரக்குல செஞ்சது. அரக்கு ஆல்கஹால்ல கரையும், பாட்டும் சேர்ந்து கரையும். மெல்லிய பிரஷ்ல தூசி தட்டினா போதும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க. ஆசைக்குன்னு பழைய கிராமபோன் பெட்டியில இரும்பு முள்ளு போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டாதீங்க, ஒவ்வொரு தடவையும் வரி தேயும்.

32/ சட்டப் பயமும் வேண்டாம். நம்ம 1957 காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம். 1930கள் தட்டுக்கு அது எப்பவோ முடிஞ்சது. பாட்டு எழுதினவர், இசையமைச்சவர் உரிமை தனிக் கணக்கு, நெட்ல ஏத்தும்போது அதைப் பாருங்க. லேபிள்ல உள்ளதைப் பார்த்துப் பட்டியல் எழுத யார் அனுமதியும் தேவையில்ல.

33/ கடைசியா, ஐயா. நீங்க நல்ல பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்க, சந்தோஷமா கேட்கிறேன், கத்துக்கிறேன். அது ரசிகரோட வேலை, அதுக்கு உங்களை மாதிரி ஆள் வேணும். ஆனா பட்டியல் நோட்டு ரசிகர் கையில இருக்கக் கூடாது. அது ஓ.பி. சீட்டு போடுற கவுன்ட்டர். அங்க உட்கார்றவருக்கு வந்தவர் முகம் பிடிக்கணும்னு அவசியமே இல்ல. பேரைக் கேட்கணும், எழுதணும், "அடுத்து"ன்னு கூப்பிடணும். அவ்வளவுதான்.

34/ படிச்சவங்க வீட்டுல, பரண்ல, மூடின சவுண்ட் சர்வீஸ் கடையில தட்டு இருந்தா காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி லேபிளை மட்டுமாவது போட்டோ எடுங்க. உடைஞ்சதையும் எடுங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா இன்னிக்கு ராத்திரியே காட்டி, "இது யாருன்னு தெரியுதா?"ன்னு கேட்டு, அவங்க சொல்றதை அப்படியே எழுதி வைங்க.